நிலத்தை அடகு வைத்து வாங்கும் கல்லூரி இடம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகள், கணினிப் பொறியியல் வேண்டாம், மண்ணையும் நீரையும் பற்றிப் படிக்கிறேன் என்று சொல்வதால் வீடே கலங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கலக்கம் புரிகிறது. ஆனால், நிலத்தை அடகு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்கிவிடலாம் என்ற உங்கள் மைத்துனரின் யோசனையை நான் ஏற்கவில்லை. விருப்பமில்லாத படிப்புக்காக வாங்கும் கடனை உறவினர்கள் யாரும் கட்டப்போவதில்லை.

உங்கள் மகள் கேட்பது நீர்வடிப்பகுதி மேம்பாடு என்னும் துறை. பெய்து வழிந்தோடும் மழைநீர் முழுவதும் ஒரே ஓடையில் வந்து சேரும் நிலப்பரப்பே நீர்வடிப்பகுதி. அதன் சரிவையும் மண்ணின் ஆழத்தையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து வரைபடமாக்குவது முதல் வேலை. பிறகு மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி வர வேண்டும்: மேலே, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் சம உயர வரப்புகளும், ஓடை தொடங்கும் இடத்தில் கல் தடுப்புகளும் அமைத்து, அதன் பின்னரே கீழே தடுப்பணையும், நீரைத் தேக்கி நிலத்துக்குள் இறங்கவிடும் கசிவுநீர்க் குட்டையும் கட்ட வேண்டும். வரிசை மாறினால் மேட்டிலிருந்து அரித்து வரும் வண்டல் தடுப்பணையைத் தூர்த்துவிடும். மழையின் வேகத்தையும் வழிந்தோடும் நீரின் அளவையும் கணக்கிடாமல் ஒரு தடுப்பணையைக்கூட வடிவமைக்க முடியாது. இவற்றைவிடக் கடினமானது, வரப்புக்காகத் தன் நிலத்தில் ஒரு கீற்றை இழக்கும் மேட்டு நிலத்து விவசாயியை, பலனில் பெரும்பகுதி பள்ளத்துக் கிணறுகளுக்குப் போகும் என்று தெரிந்தும், இணங்க வைப்பது. மகளுக்குக் கணக்கும் வரும், ஊராரோடு பேசவும் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர், குமுளூர் வளாகங்களில் வேளாண் பொறியியல் இளநிலைப் படிப்பு இருக்கிறது. மண், நீர்ப் பாதுகாப்பு அதில் முக்கியமான பிரிவு. படித்தவர்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளராகலாம். ஆராய்ச்சியில் நாட்டமிருந்தால் உதகமண்டலத்தில் இந்திய மண், நீர்ப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வு மையம் உள்ளது. மதுரையில் இயங்கும் தானம் அறக்கட்டளை போன்ற தொண்டு நிறுவனங்கள் கண்மாய்ச் சீரமைப்பில் நெடுங்காலம் உழைத்தவை. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான இந்திய அரசின் 2008ஆம் ஆண்டுப் பொது வழிகாட்டு நெறிமுறைகள், திட்டத்தைச் செயல்படுத்தும் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு வல்லுநர் குழுவில் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்றன. பெண்ணுக்கு இது ஒத்துவருமா என்று கேட்கும் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

குறையையும் மறைக்க மாட்டேன். தொண்டு நிறுவனங்களில் தொடக்க ஊதியம் குறைவு. திட்டப் பணிகள் பல ஒப்பந்த அடிப்படையிலானவை, திட்டம் முடிந்தால் வேறு இடம் தேட வேண்டும். கடனில்லாத குடும்பத்துப் பிள்ளையால் அந்த முதல் சில ஆண்டுகளைத் தாங்க முடியும், தவணை கட்ட வேண்டியவரால் முடியாது. ஆகவே கட்டணம் குறைந்த அரசு இடத்தையே நாடுங்கள். கலந்தாய்வில் அது கிடைக்காவிட்டால், அரசுக் கல்லூரியில் நிலவியல் படித்து, முதுநிலையில் நிலத்தடி நீரைச் சிறப்புப் பாடமாக எடுத்தும் இத்துறைக்குள் வரலாம்.