வாசகர் கேள்வி – பதில்: ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் ஜூன்டீன்த்

இம்மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அடிமைகளின் விடுதலையைக் கொண்டாடும் ஜூன்டீன்த் என்ற ஜூன் 19 விடுமுறையைப் பற்றியே கேட்டிருந்தன. ஹூஸ்டனின் தென்மேற்கில் உள்ள இந்தப் புறநகர்க் கவுண்டியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சாவளியினர். தமிழ்க் குடும்பங்களும் நிறையவே இருக்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

வாசகி, சுகர் லேண்ட்: ஜூன் 19 அன்று நூலகம் மூடியிருந்தது. அடிமைகளுக்கு விடுதலை கிடைத்த செய்தி டெக்சாசுக்கு வந்து சேர இரண்டரை ஆண்டுகள் ஆயின, அதனால்தான் இந்த நாள் என்கிறான் என் மகன். தந்தி வந்துவிட்ட காலத்தில் ஒரு செய்தி அவ்வளவு தாமதமாகுமா?

உங்கள் ஐயம் நியாயமானது. ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது டெக்சாசில் யாருக்கும் தெரியாத இரகசியமாக இருக்கவில்லை. செய்தித்தாள்கள் எழுதின, பண்ணை முதலாளிகள் படித்தார்கள், அடிமைகளாக இருந்தவர்களிலும் பலருடைய காதுக்கு அது எட்டியிருந்தது. வந்து சேராமல் இருந்தது அதை நிறைவேற்றி வைக்கக்கூடிய படைதான். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துசென்ற தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளின் கைக்கு எட்டாத மூலையாக டெக்சாஸ் இருந்ததால், லூசியானா முதலிய மாநிலங்களின் பண்ணையார்கள் தங்கள் அடிமைகளை இழந்துவிடக் கூடாதென்று அவர்களை ஓட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்தபோது இம்மாநிலத்தில் ஏறத்தாழ 2,50,000 பேர் அடிமைகளாக இருந்தனர்.

தெற்குத் தளபதி லீ 1865 ஏப்ரல் 9 அன்று சரணடைந்த பிறகும், டெக்சாசை உள்ளடக்கிய மேற்குப் பகுதியின் படைகள் ஜூன் 2 வரை சரணடையவில்லை. அதன் பின்னரே மேஜர் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு வந்து, ஜூன் 19 அன்று மூன்றாம் எண் பொது ஆணையை வெளியிட்டார். அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள், முன்னாள் எசமானர்களுக்கும் அவர்களுக்கும் இடையே உரிமைகளிலும் சொத்துரிமையிலும் முழுமையான சமத்துவம் உண்டு என்று அந்த ஆணை தொடங்குகிறது. அதன் பிற்பகுதியை மேடைகளில் எல்லோரும் அழுத்திப் படிப்பதில்லை. விடுதலை பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்ய வேண்டும், படை முகாம்களில் கூடக் கூடாது, சும்மா இருப்பவர்களுக்கு ஆதரவு கிடையாது என்கிறது அது. அந்த ஆணைக்குப் பிறகும், அறுவடை முடியும்வரை தம் பண்ணையில் இருந்தவர்களிடம் வாய் திறக்காத முதலாளிகள் இருந்தார்கள். செய்தி தாமதமாக வந்த கதையாகச் சொன்னால் குற்றம் குதிரை மீதும் சாலை மீதும் போய்விடும் என்பதால், உங்கள் மகனிடம் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள்.

வாசகர், கேட்டி: பெயருக்கு என்ன பொருள்? வாழ்த்துச் சொல்லலாமா, துக்க நாளா?

ஜூன் என்பதும் பத்தொன்பது என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் பேச்சில் ஒட்டிப் பிறந்ததே ஜூன்டீன்த். துக்க நாள் அல்ல. தாராளமாக வாழ்த்துச் சொல்லலாம்.

பத்தாம் வகுப்பு மாணவி, ரிச்மண்ட்: பள்ளியில் கால்வெஸ்டனைப் பற்றி மட்டுமே சொன்னார்கள். நம் கவுண்டியில் எதுவும் நடக்கவில்லையா?

நிறைய நடந்தது. பிரேசோஸ் நதியின் வண்டல் மண்ணில் பருத்தியும் கரும்பும் விளைந்த இந்தக் கவுண்டியில், 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வெள்ளையரைவிட இருமடங்குக்கும் அதிகமான எண்ணிக்கையில் அடிமைகள் இருந்தார்கள். விடுதலைக்குப் பின் வாக்குரிமை கிடைத்ததும் அந்தப் பெரும்பான்மை தேர்தலில் தெரிந்தது. அடிமையாக இங்கே கொண்டுவரப்பட்ட வால்டர் மோசஸ் பர்ட்டன் 1869இல் ஃபோர்ட் பெண்ட் ஷெரீஃபாக, அதாவது கவுண்டியின் காவல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் தேர்தல் வழியாக அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பின்னர் அவர் மாநில செனட்டிலும் அமர்ந்தார். உங்கள் ஊருக்குத் தென்மேற்கே உள்ள கெண்டில்டன், ஒரு பண்ணை நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது விடுதலை பெற்றவர்கள் வாங்கிக் குடியேறி உருவாக்கிய ஊர். அங்குள்ள பேட்ஸ் ஆலன் பூங்காவில் பழைய இடுகாடுகளும் கவுண்டி அமைத்த ஆப்பிரிக்க அமெரிக்கர் நினைவிடமும் இருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மாலை சென்று பாருங்கள்.

இந்த ஏற்றம் இருபது ஆண்டுகளுக்குமேல் நீடிக்கவில்லை. கறுப்பினத்தவரின் வாக்குகளால் பதவிக்கு வந்தவர்களை எதிர்த்த வெள்ளையர் அணிக்கு ஜேபேர்டு என்றும், எதிரணிக்கு மரங்கொத்தி என்றும் பறவைப் பெயர்கள் வழங்கின. 1889 ஆகஸ்ட் 16 அன்று ரிச்மண்ட் நீதிமன்றத்தின் அருகே இரு தரப்பும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டன. ஜேபேர்டு அணி வென்றது. அதன் பிறகு அவர்கள் அமைத்த சங்கம், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கும் முன்தேர்தல் ஒன்றைத் தானே நடத்தியது. அதில் வென்றவரே ஜனநாயகக் கட்சியின் முன்தேர்தலிலும் பொதுத் தேர்தலிலும் வெல்வார் என்பது எழுதப்படாத விதியாயிற்று. சங்கம் தனியாருடையது, அரசமைப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்ற வாதம் 1953 வரை ஓடியது. அவ்வாண்டு டெர்ரி எதிர் ஆடம்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வழக்குக்குப் பின்னால் நின்று உழைத்தவர்களில் ஒருவரான அரிசோனா ஃபிளெமிங்கின் பெயரில் உங்கள் கவுண்டியிலேயே ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. அந்தப் பள்ளியைக் கடந்து போகும் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்திருக்கும் என்பது எனக்கு ஐயமே.

வாசகர், சுகர் லேண்ட்: பள்ளிக் கட்டுமானத்தின்போது எலும்புக்கூடுகள் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். அதற்கும் ஜூன்டீன்துக்கும் என்ன தொடர்பு?

கால்வெஸ்டன் ஆணையைவிட இந்தக் கவுண்டியின் ஜூன்டீன்துக்கு நெருக்கமான செய்தி அதுதான். 2018 பிப்ரவரியில் கல்வி மாவட்டம் ஒரு தொழிற்கல்வி மையத்தைக் கட்டிக்கொண்டிருந்த நிலத்தில் மனித எலும்பு ஒன்று கிடைத்தது. தொடர்ந்து தோண்டியபோது 95 பேரின் கல்லறைகள் வெளிப்பட்டன. ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆண்கள். வயது சுமார் 14 முதல் 70 வரை என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு புதைக்கப்பட்ட இவர்கள், கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட சிறைக்கைதிகள்.

வாடகை என்ற சொல்லை நேர்ப்பொருளிலேயே படிக்க வேண்டும். அடிமை முறையை நாடெங்கும் ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாக அமையும் கட்டாய உழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. அந்த விலக்கின் வழியாகத் தெற்கு மாநிலங்கள் கைதிகளைப் பண்ணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் இருப்புப்பாதை வேலைக்கும் குத்தகைக்கு விட்டன. வேலையில்லாமல் சுற்றித் திரிந்தார் என்பது போன்ற அற்பக் குற்றச்சாட்டுகளே கறுப்பினத்தவரைச் சிறைக்கு அனுப்பப் போதுமானவையாக இருந்தன. கன்னிங்காம், எல்லிஸ் என்ற இரு சுகர் லேண்ட் தோட்ட முதலாளிகள் 1878இல் டெக்சாஸ் மாநிலத்தின் கைதிகள் அனைவரையும் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். விலை கொடுத்து வாங்கிய அடிமை இறந்தால் முதலாளிக்கு நட்டம். குத்தகைக் கைதி இறந்தால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வருவான். சதுப்பு நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள் காய்ச்சலாலும் வெப்பத்தாலும் அடியாலும் மாண்டார்கள். இந்தக் குத்தகை முறை டெக்சாசில் 1910களின் தொடக்கம் வரை நீடித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. பிரிட்டிஷ் பேரரசில் 1834இல் அடிமை முறை ஒழிந்தபோது மொரீஷியஸ் தீவின் கரும்பு முதலாளிகளும் இதே கேள்வியை எதிர்கொண்டார்கள்: இனி வெட்டுவது யார்? அவர்களுக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழ்க் கூலிகள். ஒப்பந்தக் கூலியும் குத்தகைக் கைதியும் ஒன்றல்ல. ஆனால் இருவரையும் தேடிப் பிடித்த கை கரும்புத் தோட்டத்தின் கைதான்.

அந்த நிலத்தில் கல்லறைகள் இருக்கக்கூடும் என்று முன்னாள் சிறைக்காவலரான ரெஜினால்ட் மூர் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தார். அவர் சொல் எடுபடவில்லை, எலும்புதான் எடுபட்டது. 2019 நவம்பரில் அந்த 95 பேரும் அதே இடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்கள். மூர் 2020இல் காலமானார்.

வாசகி, மிசூரி சிட்டி: பூங்காவில் நடக்கும் விழாவுக்கு அண்டை வீட்டார் அழைக்கிறார்கள். நாங்கள் சைவம். என்ன நடக்கும், என்ன சாப்பிடலாம்?

தயங்காமல் போய் வாருங்கள். விழா பெரும்பாலும் ஜூன் 19ஐ ஒட்டிய சனிக்கிழமையில் வரும். பிரார்த்தனை, தேவாலயக் குழுக்களின் பாடல், மூன்றாம் எண் ஆணையை உரக்க வாசித்தல், ஊர்வலம், முதியோரைச் சிறப்பித்தல் ஆகியவை வழக்கமானவை. டெக்சாசில் குதிரையேறி வரும் கறுப்பினக் கவ்பாய்களையும் பார்க்கலாம், குழந்தைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். இரத்த அழுத்தம் பார்க்கும் கூடாரமும், வாக்காளர் பதிவு மேசையும் பல இடங்களில் இருக்கும். மேலே சொன்ன ஜேபேர்டு கதையை நினைத்தால் அந்த மேசை ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

உணவில் சிவப்பு முதன்மையானது: தர்ப்பூசணி, சிவப்பு சோடா, ஸ்ட்ராபெரிப் பண்டங்கள். சிந்திய இரத்தத்தின் நினைவு என்று சிலர் சொல்வார்கள். நம் புளிச்சக்கீரையின் இனத்தைச் சேர்ந்த செடியின் சிவந்த பூக்களிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் காய்ச்சும் பானத்தின் நீட்சி என்று வேறு சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது விளக்கம் பிடித்திருக்கிறது. வேகவைத்த சோளமும் உருளைக்கிழங்கு சாலடும் உங்களுக்குச் சரிப்படும் (சாலடில் முட்டை இருக்கலாம்). கீரையையும் பயறு வகைகளையும் மட்டும் கேட்டுவிட்டு உண்ணுங்கள், அவற்றில் பன்றி இறைச்சி சேர்த்துச் சமைப்பது வழக்கம்.

வாசகர், சென்னை: இதை அமெரிக்காவின் ஆகஸ்ட் 15 என்று எடுத்துக்கொள்ளலாமா?

முழுவதும் பொருந்தாது. சுதந்திர நாள் அவர்களுக்கு ஜூலை 4. அந்த நாளில் அடிமைகளாகவே இருந்தவர்களின் வழிவந்தவர்கள் கொண்டாடத் தொடங்கியதே ஜூன்டீன்த். பொது இடங்களில் கூடிக் கொண்டாட இடம் கிடைக்காததால், ஹூஸ்டனில் ஜாக் யேட்ஸ் என்ற பாதிரியார் முதலியோர் பணம் திரட்டி 1872இல் பத்து ஏக்கர் வாங்கினார்கள். அது இன்றும் விடுதலைப் பூங்கா என்ற பெயரில் இருக்கிறது. 1979இல் சட்டமன்ற உறுப்பினர் ஆல் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த சட்டத்தால் டெக்சாசில் விடுமுறையாயிற்று, 2021 ஜூன் 17 அன்று நாடு முழுவதற்கும் ஆயிற்று. நாடெங்கும் விடுதலை நாள் இதுதான் என்றும் கொள்ள வேண்டாம்: தலைநகர் வாஷிங்டனில் அது 1862 ஏப்ரல் 16, மேரிலாந்தில் 1864 நவம்பர் 1. கென்டக்கியிலும் டெலவேரிலும் 1865 டிசம்பர் வரை அடிமைகள் இருந்தார்கள்.

வாசகர், சுகர் லேண்ட்: எங்கள் தமிழ்ச் சங்கம் விழாவில் ஒரு கூடாரம் போட்டு, பரதநாட்டியமும் ஆட எண்ணுகிறது. பொருத்தமாக இருக்குமா?

கூடாரம் பொருத்தமானதே. நடனத்தை அவர்கள் கேட்டால் ஆடுங்கள். நீங்களாகவே மேடை நேரம் கேட்பது, அடுத்த வீட்டுத் திவசத்தில் நம் வீட்டுப் பிள்ளையின் பாட்டுக் கச்சேரி வைக்கச் சொல்வதைப் போல ஆகிவிடக்கூடும். இது மகிழ்ச்சியான நாள்தான், ஆனால் வேறொருவரின் முன்னோர்களுக்கு உரிய நாள்.

நமக்குக் கடன் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1946ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவுக்கு ஒதுக்கிய குடியேற்ற அளவு ஆண்டுக்கு நூறு பேர் மட்டுமே. இன ஒதுக்கீட்டை நீக்கி நம்மவர்களுக்கு வாசலைத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டம் உருவாக்கிய அரசியல் காற்றில்தான் நிறைவேறியது. கூடாரத்தில் அதை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

செய்வதற்கு ஏற்ற வேலை ஒன்றும் இருக்கிறது. ஜூன் மாத ஹூஸ்டன் வெயிலையும் புழுக்கத்தையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ஊரில் சித்திரை வெயிலுக்கு வைக்கும் நீர்மோர்ப் பந்தலை அங்கே வைத்துவிடுங்கள். ஏற்பாட்டாளர்களிடம் முன்னதாகவே பேசுங்கள், திறந்த உணவுக்குக் கவுண்டி சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; மோருக்கு அனுமதி கிடைக்காவிட்டால் மூடியிட்ட தண்ணீர்ப் புட்டிகளும் பனிக்கட்டியும் போதும்.