கேள்வி பதில்: தொடர்மாடி வீட்டில் மரமும் பிரம்பும்

கேள்வி (வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்): அக்கா, பிரம்புக் கதிரை வாங்கி எட்டு மாதம்தான். முதுகுப் பக்கம் முழுக்கப் பூஞ்சணம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: கடைக்காரரை விடுங்கள். கதிரையைச் சுவரோடு ஒட்டித்தானே வைத்தீர்கள்? கொழும்பு ஈரக்காற்று, அதுவும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது, காற்றோடாத மூலை எதையும் விட்டுவைக்காது. பிரம்போ பாயோ மரமோ, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்க வேண்டும். இப்போதைக்குப் பல்கனியில் வைத்து உலர்ந்த பிரஷால் தட்டி, வினாகிரி தொட்ட துணியால் துடைத்து, நிழலில் காய விடுங்கள். கடும் வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் பிரம்பு வெடிக்கும். வார்னிஷ் பூசுவதென்றால் அடிப்பக்கத்துக்கும் பூசுங்கள். முகத்துக்கு மட்டும் பவுடர் போட்ட மாதிரி விடாதீர்கள்.

கேள்வி (தெகிவளை): அலுமாரிக்குத் தேக்கா, ரப்பர் மரமா?

பதில்: காசு இருந்தால் தேக்கு. ரப்பர் மரத்தில் மாச்சத்து கூட, வண்டு தேடி வரும். போரன் மருந்து ஏற்றிய பலகையென்றால் பயப்படத் தேவையில்லை. அலுமாரிக்கடியில் மாப்போல் தூள் கொட்டினால் அது கறையான் அல்ல, வண்டு. நல்ல பலாப்பலகை கிடைத்தால் விடாதீர்கள். மஞ்சளாய் வந்து போகப்போகப் பழுப்பேறும் அழகே தனி. எந்த மரமானாலும், நாலு விரல்.

கேள்வி (பம்பலப்பிட்டி): ஏழாம் மாடியில் ரைல்ஸுக்கு மேலே சிவப்புச் சீமெந்து நிலம் போடலாமா?

பதில்: இரண்டு அங்குலச் சீமெந்து சதுர மீற்றருக்கு 100 கிலோவைத் தாண்டும். பொறியியலாளரையும் கட்டட நிர்வாகத்தையும் கேட்காமல் மேசனைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எமல்ஷன் அடித்த சுவருக்கு மேலே சுண்ணாம்பு?

பதில்: உதிரும். சுண்ணாம்புக்கு உறிஞ்சும் சுவர் வேண்டும்.

கேள்வி (கிருலப்பனை): குசினி மேசைக்கு மார்பிள்?

பதில்: தேசிக்காய், புளி பட்ட இடமெல்லாம் மங்கும். கருங்கல் போடுங்கள்.

கேள்வி (நல்லூர்க்காரர், இப்போது வெள்ளவத்தை): எங்கட அம்மம்மா வீட்டில் ஒரு சாய்மனைக் கதிரை, நாலு பாய், பனையோலைப் பெட்டி. அப்ப அதை இல்லாமை எண்டினம். இப்ப நீங்கள் வீடு அலங்கரிக்கக் காசு வாங்கிக்கொண்டு அதையே மினிமலிசம், குறைஞ்ச சாமானோட இருக்கிறது எண்டுறியள்.

பதில்: பாதி சரி. அம்மம்மா வீட்டுக்குக் கோடி, அதாவது பின்வளவு, இருந்தது. உரல், உலக்கை, விறகு, உடைந்த கட்டில் எல்லாம் அங்கே போய்விடும், அறை வெறுமையாய்க் கிடக்கும். 800 சதுர அடிப் பிளாட்டில் கோடி எங்கே? கொள்ளுப்பிட்டியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீட்டின் படத்தைக் கொண்டுவந்து ‘இப்படி வெறுமையாய் வேணும்’ என்கிறார்கள். நாலு சிறு வீடுகளை ஒன்றாக்கியது அது. உள்ளே சிலை, ஓவியம், செட்டிநாட்டுத் தூண் என்று சாமானுக்குக் குறைவில்லை. இடையிடையே வானம் பார்த்த முற்றங்கள் இருப்பதால்தான் கண்ணுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது.

இடையில் ஒருவர் (வத்தளை): அது கிடக்கட்டும். கனடாவிலிருந்து வாற சொந்தக்காரரின் சூட்கேஸை எங்கே வைக்கிறது?

பதில்: என் வீட்டிலும் ஆறு நிற்கிறது. அலுமாரிக்கு மேலே முகடு வரை கதவு போட்டு மறைத்தேன், காற்றுப் போகப் பிரம்புப் பின்னலில். வருகிறவர்களுக்கு மேலதிகக் கட்டில் இல்லை, பன்பாய்தான். விடிந்ததும் சுருட்டி நிமிர்த்திவிடுவோம்.

நல்லூர்க்காரர்: அப்ப அம்மம்மாதான் வெண்டவ.

பதில்: ஓம், ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கல்கிசை): அக்கா, சுருட்டி மூலையில் வைத்த பாயில் கறுப்புப் புள்ளி…

பதில்: நாலு விரல்!