உப்புவெளியில் செய்த வேலையை ஸ்காபரோவில் காட்டுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். திருகோணமலையில் ஆறு வருடமாக உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்களுக்கு மெனு, பெயர்ப்பலகை, இணையத்தளம் எல்லாம் செய்து கொடுத்திருக்கிறீர்கள். மனைவி ஸ்பொன்சர் செய்து ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதிக்கு வந்து மூன்று மாதம். இணையத்தில் தனி வேலை எடுக்கிற தளமான ஃபைவரில் கணக்குத் திறந்தும் ஒருவரும் எழுதவில்லை. கனடா அனுபவம் இல்லாமல் முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது, கொம்பனி பதிய வேண்டுமா, சொந்தக்காரர் சும்மா செய்து தரச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் திருமலைதான், உவர்மலைப் பக்கம். இங்கே வந்து 14 வருடம். அதில் 11 வருடமாகச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் தொழில் வேறு என்றாலும் முதல் ஆளைத் தேடி அலைகிற அலைச்சல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

"கனடா அனுபவம் இல்லை" என்று எழுதியிருந்தீர்களே, அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். சம்பள வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கேள்வி வரும். தனியாக வேலை எடுத்துச் செய்பவரிடம் கடைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இதற்கு முதல் யாருக்குச் செய்தீர்கள், காட்டுங்கள். உங்களிடம் காட்ட ஆறு வருட வேலை இருக்கிறது. வெள்ளைக்காரர் வாசித்து விளங்கிக்கொள்கிற மாதிரி நண்டுக் கறியையும் பிட்டையும் ஆங்கில மெனுவில் எழுதியவர் நீங்கள். மார்க்கம் வீதியில் இருக்கிற அரைவாசிச் சாப்பாட்டுக் கடைக்கு அதுதான் தேவை.

அதனால் முதல் வேலையாக ஊருக்குக் கோல் எடுங்கள். பழைய முதலாளிமாரில் ஐந்து பேரிடமாவது கதையுங்கள். இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, உங்கள் வேலையைப் பற்றி அவர் பெயரோடு நாலு வரி. இரண்டு, இங்கே கடை, தொழில் என்று வைத்திருக்கிற அவருடைய உறவுக்காரர் யாராவது. திருமலையில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவருக்கு ரொறன்ரோவில் ஒரு தங்கையோ மச்சானோ இல்லாமல் இருப்பது அரிது. "என்ர இணையத்தளம் செய்த பெடியன் அங்க வந்திருக்கிறான்" என்று அவர் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினால், அதற்கு எந்த விளம்பரமும் ஈடாகாது.

அவர்களிடமிருந்தே வேலையும் வரலாம். கிழக்குக் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாரி தொடங்கி அறைகள் காலியாகக் கிடக்கும்போது புதுப் படம் போடுவோம் என்று கேட்டால் ஒருவரும் காசு எடுக்க மாட்டார்கள். ஜனவரி, பெப்ரவரியில் கேளுங்கள். இதே கணக்கு இங்கேயும் உண்டு. என்னிடம் ஆட்கள் வருவது வரிக்காலம் நெருங்கும்போது. டியூஷன் வகுப்பு நடத்துபவர்கள் செப்டெம்பருக்கு முன்னால் நோட்டீஸ் அடிப்பார்கள். கல்யாண மண்டபமும் கேட்டரிங்கும் கோடைக்கு முன்னால். சீசனுக்கு இரண்டு மாதம் முந்திப் போய் நின்றால் உங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

என்னுடைய முதல் வேலை எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு ரேக்அவுட் கடையில் கொத்து றொட்டிக்காகக் காத்து நின்றேன். கல்லுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு ஷொப்பிங் பை தொங்கியது. சாமான் வாங்கிய ரசீதெல்லாம் அதற்குள். முதலாளி ஏதோ தேட ஒரு கட்டை வெளியே எடுத்தார். தெர்மல் பேப்பர் இல்லையா, சூடு பட்டுப் பட்டு முக்கால்வாசி கறுத்துப்போய், ஓர் எண்ணும் தெரியவில்லை. "அண்ணா, இந்த மாதத்துப் பையை மட்டும் என்னிடம் தாருங்கள். மிச்சம் தெரிகிறதை போனில் படம் எடுத்து, கறுத்ததை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு ஒழுங்காக்கித் தருகிறேன். 150 டொலர்" என்றேன். நாலாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிடித்திருந்ததா என்று அவர் வாயால் சொல்லவில்லை. அடுத்த மாதப் பையை எடுத்து மேசையில் வைத்தார். அந்த ஒரு கடையிலிருந்து ஆறு மாதத்துக்குள் இன்னும் மூன்று கடை வந்தது.

அன்று "நான் கணக்கு எழுதுவேன், ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டிருந்தால் "சரி தங்கச்சி, பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். அவருடைய கண்ணுக்கு முன்னால் தொங்கிய சிக்கலைத்தான் கேட்டேன். ஒரு மாதத்து வேலை, ஒரு விலை, ஒரு நாள். உங்கள் தொழிலில் இப்படிப்பட்ட பைகள் நிறையத் தொங்குகின்றன. பின்னேரம் ஒரு கடைத்தொகுதிக்குப் போய் ஒவ்வொரு கடையையும் கூகுள் மப்பில் தேடிப் பாருங்கள். ஞாயிறும் திறந்திருக்கிற கடை அதில் மூடியிருப்பதாகக் காட்டும். மெனு என்று மங்கலான ஒரு படம் கிடக்கும். பழைய போன் நம்பர் இருக்கும். பிறகு கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போய், போனில் அதைக் காட்டிச் சொல்லுங்கள்: "ஐயா, ஞாயிறு வருகிற ஆள் இதைப் பார்த்தால் வேறு கடைக்குப் போய்விடுவார். நேரத்தை எப்படித் திருத்துவது என்று இப்போதே காட்டித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். போனில் வாசிக்கக்கூடிய மெனுவும் பத்துப் படமும் செய்ய இவ்வளவு, அடுத்த வெள்ளிக்குள் தருவேன்." மத்தியானம் 12 மணிக்கு மட்டும் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள்ளும் போய்விடாதீர்கள்.

நேரே போகக் கூச்சமாக இருக்கிறது, நூறு கடைக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பலாமா என்று நினைத்தால், வேண்டாம். கனடாவில் 2014 முதல் வேண்டாத விளம்பரச் செய்திகளுக்கு எதிரான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் தராதவர்களுக்கு மொத்தமாக விளம்பர மின்னஞ்சலோ டெக்ஸ்டோ அனுப்பினால் பிரச்சினை வரும். தெரிந்தவர் அறிமுகமும் நேரில் போவதும்தான் உங்களுக்கு இப்போது நல்லது.

ஃபைவரை மூட வேண்டாம், ஆனால் அதையே நம்பி இருக்கவும் வேண்டாம். கிடைக்கிற காசில் 20 வீதம் அவர்கள் எடுப்பார்கள், அதோடு உலகம் முழுக்க இருப்பவர்களோடு விலைக்குப் போட்டி போட வேண்டும். இங்கே நாலு வேலை முடிந்தபின் அந்தப் படங்களை அதில் போடுங்கள்.

விலை சொல்லும்போது மனதுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள். புதிதாக வந்த எல்லாரும் இதில் விழுகிறார்கள். 200 டொலர் என்பது ஊர்க் காசில் பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் உங்கள் வாடகையும் பஸ் காசும் டொலரில்தான். அரைவாசியை முதலிலேயே இன்டராக் மூலம், அதாவது வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பச் சொல்லி, வாங்குங்கள். என்ன செய்வீர்கள், எத்தனை தரம் திருத்துவீர்கள், எப்போது முடியும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். நான் முதல் வருடம் ஒருவருக்கு வாய்ப்பேச்சை நம்பி மூன்று மாதம் வேலை செய்தேன், 480 டொலர் கடைசிவரை வரவில்லை. அந்தக் குளிர்காலம் நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்பது இன்றைக்கும் மறக்கவில்லை.

கொம்பனி விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு பி.ஆர் (நிரந்தர வதிவிட உரிமை) இருப்பதால் சொந்தத் தொழிலுக்குத் தடை இல்லை. நாங்கள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் உங்கள் சொந்தப் பெயரிலேயே செய்தால் எதையும் பதியத் தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் ஒன்லைனில் பதியலாம், 5 வருடத்துக்கு 60 டொலர். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டும் வரை எச்.எஸ்.டி என்கிற விற்பனை வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வரிப் படிவம் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய காசை ஏப்ரல் 30க்குள் கட்ட வேண்டும், இதைத் தெரியாமல் வட்டி கட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி பங்கையும் நீங்களே கட்டுவீர்கள். அதனால் வருகிற ஒவ்வொரு காசிலும் கால்வாசியைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

சொந்தக்காரர் சும்மா கேட்டது மனதைச் சங்கடப்படுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே வந்து இறங்கியபோது அவர் வீட்டில்தான் தங்கினீர்கள் என்றால் ஒருமுறை செய்து கொடுங்கள், முழு மனதோடு. ஆனால் பில் ஒன்று எழுதுங்கள். வேலையின் முழு விலையைப் போட்டு, கீழே அதே தொகையை அன்புக் கழிவு என்று கழித்து, பூச்சியம் என்று காட்டி அனுப்புங்கள். அவர் யாருக்காவது உங்களைச் சொல்லும்போது விலையையும் சேர்த்துச் சொல்வார். இரண்டாம் முறை கேட்டால், "மாமா, போன முறை பில்லில் இருக்கிற விலைதான், உங்களுக்காகக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்று சொல்ல அது உதவும்.

இந்தக் கிழமை ஊருக்குக் கோல் எடுத்துவிட்டு, கடைக்காரருக்குக் காட்டப் போகிற மூன்று வேலையின் படத்தையும் நீங்கள் போட நினைத்திருக்கும் விலையையும் எனக்கு அனுப்புங்கள். என்னுடைய கடைகளில் இரண்டுக்கு மெனு மாற்ற வேண்டியிருக்கிறது. பார்த்துவிட்டு அவர்களிடம் நானே கதைக்கிறேன்.