கலம் நின்றது, தகடு நிற்கவில்லை

கேள்வி: இருபுறமும் நீண்ட சூரியத் தகடுகள் கொண்ட விண்கலம் ஒன்றைக் கணினியில் மாதிரியாக்கி, த்ரஸ்டர்களால் (வாயுவைப் பீய்ச்சிக் கலத்தைத் தள்ளும் சிறு உந்திகள்) திருப்பி நிறுத்திப் பார்க்கிறேன். கலம் நின்ற பிறகும் தகடுகள் வெகுநேரம் ஆடுகின்றன. தகட்டின் அடியை அசையாமல் பிடித்துக் கணக்கிட்டதில் அலைவுக்காலம், அதாவது ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம், 5 வினாடி வந்தது. ஆகவே ஒவ்வொரு உந்தலையும் இரண்டு குறுந்துடிப்புகளாக்கி, பாதிக் காலமான 2.5 வினாடி இடைவெளியில் கொடுத்தேன். அப்படியும் ஆட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சுகிறது. கட்டுப்பாட்டைக் கடுமையாக்கினால் த்ரஸ்டர்கள் ஓயாமல் எரிகின்றன. எங்கே தவறு?
– பொறியியல் மாணவர்

பதில்: வழி சரிதான்: பாதிக் காலம் கழித்து வரும் துடிப்பு முதல் துடிப்பின் ஆட்டத்தை அழித்துவிடும். நீங்கள் கையிலெடுத்த அலைவுக்காலம்தான் தவறு.

தகட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு கணக்கிட்டிருக்கிறீர்கள். விண்வெளியில் அதைப் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? தகடு ஒரு பக்கம் வளைந்தால் கலத்தின் உடல் மறுபக்கம் திரும்பும். இரண்டும் சேர்ந்து ஆடும் ஆட்டம், தகடு தனியே ஆடுவதைவிட வேகமானது. கலத்தின் மொத்த நிலைமத் திருப்புத்திறனில் (திருப்புவதை எதிர்க்கும் தன்மை) தகட்டின் முதல் அதிர்வு வடிவத்தோடு, அதாவது மிக மெதுவான ஆட்டத்தோடு, பிணைந்த பங்கு 36 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 0.36 போனால் 0.64, அதன் வர்க்கமூலம் 0.8. அலைவுக்காலம் அந்த மடங்காகச் சுருங்கும். ஐந்து வினாடி நான்காகிவிட்டது. வேண்டிய இடைவெளி 2 வினாடி, நீங்கள் கொடுத்ததோ 2.5. அந்த அரை வினாடிப் பிசகுக்கு மிஞ்சும் ஆட்டம் 38 சதவீதம். நீங்கள் சொல்லும் ஐந்தில் இரண்டு பங்கு கிட்டத்தட்ட இதுதானே? மாதிரியில் கலத்தைக் கட்டவிழ்த்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். விடை 4-ஐ ஒட்டி வந்தால் எனக்கு வியப்பிராது.

கட்டுப்பாட்டைக் கடுமையாக்குவதை இப்போதே விட்டுவிடுங்கள். த்ரஸ்டரின் வால்வுக்குத் திறக்கவும் மூடவும் மட்டுமே தெரியும். பாதி விசை கேட்டால் கிடைக்காது. தகடு ஆடும்போது கலத்தின் உடலும் நடுங்குகிறது. திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோ அந்த நடுக்கத்தை 'கலம் திரும்புகிறது' என்று அறிவிக்கிறது. வால்வு திறக்கிறது, முழு விசையும் பாய்கிறது, தகடு மறுபடி உதறுகிறது. வால்வின் தாமதமும் சேர்ந்துகொண்டால் எரிகிற தீயில் எண்ணெய்தான். பிழை இவ்வளவுக்குள் இருந்தால் வால்வைத் தொடாதே என்று ஒரு வரம்பு வைத்திருப்பீர்கள். அந்த வரம்பை, எஞ்சியிருக்கும் நடுக்கத்தின் வீச்சைவிடச் சற்று அகலமாக்குங்கள். கைரோவின் சமிக்ஞையிலிருந்து நடுக்கத்தை நீக்க வடிகட்டியும் போடலாம், ஆனால் அது சமிக்ஞையைப் பிந்தச் செய்யும். பிந்துகிற கட்டுப்பாடு சில சமயம் முன்பிருந்த நோயைவிட மோசம்.

தானாக அடங்கட்டும் என்று காத்திருப்பதும் உதவாது. அங்கே தடுக்கக் காற்று இல்லை. ஆட்டம் தானே எவ்வளவு விரைவாக அடங்கும் என்பதைச் சொல்லும் தணிப்பு விகிதம் அரை சதவீதம் என்றால், ஆட்டம் பத்தில் ஒன்றாகக் குறைய ஏறக்குறைய 73 அலைவுகள் வேண்டும். 4 வினாடி வீதம் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம்!

ஆகவே ஆட்டத்தை மிச்சம் வைக்காதபடி எரிப்பதுதான் வழி. உங்கள் மாதிரியில் துடிப்பைப் பிரிக்காமல், த்ரஸ்டரைச் சரியாக 4 வினாடி எரியவிட்டு, தகட்டின் நுனியைக் கவனியுங்கள். விசை தொடங்கியதும் நுனி பின்தங்கி வளையும். 2 வினாடியில் வளைவு உச்சத்தைத் தொடும். விசை நிலையாக அழுத்தினால் எவ்வளவு வளையுமோ, அதைப்போல் இரு மடங்கு. பிறகு திரும்பி வரும். நான்காவது வினாடியில் வளைவும் சுழி, வேகமும் சுழி. அந்தக் கணத்தில் வால்வை மூடினால் ஆடுவதற்கு எதுவும் இல்லை. மாறாக 2 வினாடியில் மூடினால் அந்த முழு வளைவையும் அவிழ்த்துவிட்ட கதை. பாதி எரிபொருளில் உச்ச அதிர்வு!

நிறுத்தும்போதும் இதே கணக்கு. முடுக்கும் துடிப்பும் அதே அளவுள்ள எதிர்த்துடிப்பும் எதிரெதிர்க் குறி கொண்டவை என்பதால், அவற்றின் தொடக்கங்களுக்கு நடுவே முழு அலைவுக்காலங்கள் இருக்க வேண்டும்: 4, 8, 12 வினாடி என்று. பாதிக் காலம் ஒரே திசைத் துடிப்புகளுக்கு மட்டும். பலர் இங்கே குழம்புவார்கள்.

ஒரு துடிப்பின் ஆட்டத்தை இன்னொன்றால் அழிக்கும் இந்த யோசனை புதிதல்ல. 1957-இல் ஓ. ஜே. எம். ஸ்மித் எழுதியது. 1990-இல் நீல் சிங்கரும் வாரன் சீரிங்கும் அதன் பெரிய பலவீனத்தைச் சரிசெய்தார்கள். அதிர்வெண்ணில் 10 சதவீதம் பிசகினாலே இரு துடிப்பு முறையில் 16 சதவீத ஆட்டம் மிஞ்சிவிடும். பாதிக் கால இடைவெளியில் 1:2:1 என்ற விகிதத்தில் மூன்று துடிப்புகள் கொடுத்தால், அதே பிசகுக்கு மிஞ்சுவது இரண்டரை சதவீதத்துக்குள். விசையை இரட்டிப்பாக்க த்ரஸ்டருக்கு வழியில்லை; நடுத்துடிப்பை இரு மடங்கு நேரம் எரியவிடுங்கள். துடிப்புகள் அலைவுக்காலத்தைவிட மிகக் குறுகியவையாக இருக்கும்வரை இது போதும். விலை, கூடுதலாக 2 வினாடி. எனக்குக் கேட்டால் கொடுக்கலாம்.

எல்லா ஆட்டத்தையும் த்ரஸ்டர் தலையில் கட்டவும் கூடாது. 1990-இல் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியின் சூரியத் தகடுகள், பூமியின் நிழலுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் வெப்ப மாற்றத்தால் உதறின. 1993-இல் விண்வெளி வீரர்கள் போய் அவற்றை மாற்றினார்கள். துடிப்பை எப்படி அடுக்கினாலும் அந்த வகை ஆட்டம் அடங்காது.

அடுத்து, எரிபொருளைப் பாதியாகக் குறைத்தும், தகட்டின் கோணத்தை 90 பாகை திருப்பியும் அலைவுக்காலத்தைக் கணக்கிடுங்கள். கிடைக்கும் எண்கள் 10 சதவீதத்துக்குள் விலகினால் 1:2:1 போதும். அதற்கு மேல் போனால் தகட்டின் கோணத்துக்கேற்ப இடைவெளிகளை அட்டவணையாகக் கலத்தின் கணினியில் ஏற்றிவிடுங்கள்.