ஈறு நோய்க்கு மூலிகை ஜெல்: வாசகர் கேள்விகளும் பல் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 46. பல் துலக்கும்போது இரத்தம் வருவதால் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றேன். கடைவாய்ப் பற்களைச் சுற்றி ஈறு 5, 6 மி.மீ. ஆழத்துக்கு விலகியிருப்பதாகவும், ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தபின் மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் ஜெல் வைக்கலாம் என்றும் கூறினார்கள். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று உறவினர்கள் அஞ்சுகிறார்கள். வீட்டிலுள்ள மஞ்சளையும் சோற்றுக்கற்றாழையையும் மட்டும் தடவிக்கொண்டால் போதாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போதாது. சுத்தம் செய்வதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பல்லின்மேல் நாள்தோறும் படியும் பாக்டீரியாப் படலம் அகற்றப்படாமல் கிடந்தால், உமிழ்நீரில் உள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகள் சேர்ந்து காரையாக இறுகிவிடுகிறது. அதன் சொரசொரப்பான பரப்பில் புதிய படலம் எளிதாகப் படிய, ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகி, நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்குகிறது. நலமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் 1 முதல் 3 மி.மீ. வரைதான் இருக்கும். தங்களுக்கு உள்ள ஆழத்தில் பிரஷ் எட்டாது. அங்கே பாக்டீரியாக்கள் பிசின் போன்ற ஒரு கூட்டுப்படலத்துக்குள் பாதுகாப்பாக இருப்பதால், மஞ்சளானாலும் வேம்பானாலும் ஆன்டிபயாட்டிக் ஆனாலும் மேலோடு நின்றுவிடும். கருவியால் காரையைச் சுரண்டி, படலத்தைக் கலைத்த பிறகே எந்த மருந்துக்கும் வேலை உண்டு.

குர்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது நீரில் எளிதில் கரையாது, விழுங்கினால் மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேரும். ஆகவே நோயுள்ள இடத்திலேயே அதை வைக்கலாம் என்ற எண்ணம் சரியானதே. சிக்கல் என்னவென்றால், 5 மி.மீ. ஆழமுள்ள ஈறுப்பையில் (ஈறு விலகியதால் உண்டான பள்ளத்தில்) ஊறும் கசிவுநீர் மணிக்குச் சுமார் 40 முறை முழுவதுமாக மாறுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விரலால் தடவும் மஞ்சள் குழைவு அந்தப் பைக்குள் இறங்குவதே அரிது, இறங்கினாலும் நிலைக்காது. இதனால்தான் மருத்துவர்கள் மழுங்கிய முனையுள்ள ஊசிக்குழலால் ஜெல்லைப் பையின் அடிவரை செலுத்துகிறார்கள். குளிர்ச்சியில் நீர்மமாக இருந்து உடல் வெப்பத்தில் இறுகும் பொலோக்சமர் போன்ற பொருள்களில் மருந்தைக் கலப்பதும் அது சற்று நேரம் தங்க வேண்டும் என்பதற்காகவே. மேலும், சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் சில சதவீதம் மட்டுமே இருக்கிறது. கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரக்கூடியது, கடுமையான பேதி மருந்தும்கூட. வீட்டில் எடுத்த கற்றாழைச் சோற்றைக் குச்சியால் ஈறுக்குள் திணிப்பது புண்ணையும் புதிய தொற்றையும் உண்டாக்கலாம்.

ஜெல்லால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்வது அவசியம். கருவிச் சிகிச்சை மட்டுமே 4 முதல் 6 மி.மீ. ஆழமுள்ள பைகளைச் சராசரியாக 1 மி.மீ.க்குச் சற்று அதிகமாகவும், அதைவிட ஆழமானவற்றை ஏறத்தாழ 2 மி.மீ. அளவுக்கும் குறைக்கிறது. குர்குமின், சோற்றுக்கற்றாழை, பச்சைத் தேயிலை ஜெல்களைப் பற்றிய ஆய்வுகள் பல நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில், சிலபத்து நோயாளிகளைச் சில வாரங்களோ மாதங்களோ கவனித்துச் செய்யப்பட்டவை. ஜெல் வைத்த இடங்களில் இரத்தக்கசிவும் ஆழமும் இன்னும் சற்றுக் குறைந்ததாக அவற்றில் பல தெரிவிக்கின்றன. ஆனால் அந்தக் கூடுதல் பலன் பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் குறைவு. ஒரே பல்லை இரு மருத்துவர்கள் அளந்தாலே 1 மி.மீ. வேறுபாடு வருவது எங்கள் துறையில் இயல்பு என்பதால், இந்தப் பலனைப் பெரிதாக நம்பிவிட நான் தயங்குகிறேன். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதலிலும் ஈறுக்கு அடியில் கருவியால் சுத்தம் செய்வதே அடிப்படையாக இருக்கிறது.

எனவே, ஜெல்லை இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ வைத்தால், மஞ்சள் ஒவ்வாமை இல்லாத வரையில் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அது ஆய்வின் பகுதியா என்று கேளுங்கள். ஆய்வென்றால் தங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும், மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை தங்களுக்குக் கிடைத்தாக வேண்டும். பெருந்தொகை கேட்டால், அந்தப் பணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்குச் செல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

உறவினர்களின் அச்சத்துக்கும் ஒரு காரணம் உண்டு. எலும்பு கரைந்த பற்களைக் காரைதான் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். அதை நீக்கி வீக்கமும் வடியும்போது, முன்பே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. பல் கூச்சமும் சில நாள்கள் இருக்கும். காரையை விட்டுவைத்தால் எலும்பு மேலும் கரையும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோயும் ஈறு நோயும் உள்ளன. குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பான் பற்களில் கறை படியச் செய்கிறது. அதற்குப் பதிலாகக் கற்றாழைச் சாறு கொப்பளிக்கலாமா? குர்குமின் மாத்திரையும் சாப்பிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: குளோர்ஹெக்சிடினைப் பொதுவாக இரண்டு வாரம்போலக் குறுகிய காலத்துக்கே தருகிறோம். கறையை மருத்துவமனையில் மெருகேற்றி நீக்கிவிடலாம். கற்றாழைக் கொப்பளிப்பான் ஈறின் மேற்பரப்பு அழற்சிக்குச் சிறிது இதமளிக்கலாம். ஆனால் எந்தக் கொப்பளிப்பானும் ஆழமான ஈறுப்பைக்குள் செல்வதில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் குர்குமின் மாத்திரையைத் தொடங்காதீர்கள். ஈறுக்குள் வைக்கும் சிறிதளவு ஜெல்லும் தினமும் விழுங்கும் மாத்திரையும் ஒன்றல்ல. தங்களுக்கு நான் வலியுறுத்த விரும்புவது ஈறு சிகிச்சையை முழுமையாக முடிப்பதையே. சர்க்கரை நோயாளிகளைக் கொண்டு நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு (2022), ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்ததாகக் கண்டறிந்துள்ளது.

கேள்வி: ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பது பொய்யா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பொய்யில்லை. மென்ற குச்சியின் நார் படலத்தைத் துடைக்கிறது, ஆலிலும் வேலிலும் உள்ள துவர்ப்பு ஈறைச் சற்று இறுக்குகிறது. ஆனால் அந்த இறுக்கத்தால் இரத்தம் நின்றதுபோலத் தோன்றும்போது உள்ளே காரை அப்படியேதான் இருக்கும். குச்சி கடைவாய்ப் பற்களின் இடுக்குகளுக்கும் எட்டாது. அவற்றுக்குச் சிறிய இடுக்குப் பிரஷ்ஷைப் பயன்படுத்துங்கள். அதன் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் இரத்தம் கசிந்தால் ஈறின் ஆழத்தை அளந்து பார்த்துவிடுங்கள்.