வழிவிடும் சாலை

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு வயது 71. கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். மாலையில் அவரை நடக்க அழைத்துப் போவது என் வழக்கம். சென்ற வாரம் ஒரு நாள், பாதசாரிகள் கடக்கும் கோட்டில் இறங்கினோம். எங்களுக்கு அருகில் இருந்த தடத்தில் வந்த சிறிய கார் நின்று வழிவிட்டது. அதை ஒட்டி அடுத்த தடத்தில் ஒரு பெரிய கறுப்புச் சொகுசு கார் வேகம் குறையாமல் வந்தது. கடைசி நொடியில் பிரேக் பிடித்து, எங்களுக்கு ஒரு கை நீளத்தில் நின்றது. பயத்தில் அம்மாவின் கையிலிருந்து தடி விழுந்துவிட்டது. நான் குனிவதற்குள் ஹாரன் அடித்தார்கள். கண்ணாடி இறங்கவே இல்லை. அம்மாவைப் பிடித்துக்கொண்டு நான் பின்வாங்கியதும், அந்தக் கார் தடியின் மேல் ஏறிப் போய்விட்டது.

பணம் வந்தால் மனிதர்கள் இப்படி மாறிவிடுகிறார்களா? அல்லது இப்படிப்பட்டவர்கள்தான் தேடிப்போய் இந்தக் கார்களை வாங்குகிறார்களா? என் கணவரோ, “எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். விலையுயர்ந்த கார் என்பதால் உனக்கு மறக்கவில்லை, அவ்வளவுதான்” என்கிறார். அம்மா அன்றிலிருந்து வெளியே வர மறுக்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த ஹாரன். பிரேக்கைத் தாமதமாக மிதிப்பது கவனக்குறைவாக இருக்கலாம். நல்ல ஓட்டுநருக்கும் வாழ்க்கையில் ஒருமுறை அது நேரும். ஆனால் எதிரே நடுங்கி நிற்கும் மூதாட்டியைக் கண்ணால் பார்த்த பிறகு அடிக்கப்பட்ட ஹாரன் கவனக்குறைவு அல்ல. “என் வழியில் நீ ஏன் நிற்கிறாய்” என்ற கேள்வி அது. அந்தக் கேள்வி ஒருவர் மனதில் எப்படி முளைக்கிறது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் உங்கள் கணவருக்கு. அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. பாதசாரிக் கோட்டில் ஆளை நிறுத்தி, 461 கார்கள் என்ன செய்கின்றன என்று பதிவு செய்தார்கள். நின்று வழிவிட்டவை சுமார் 28 சதவீதம். அதாவது நான்கில் ஏறக்குறைய மூன்று கார்கள் நிற்கவே இல்லை. அவற்றில் மலிவான கார்களும் பழைய கார்களும் இருந்தன. சாலையில் மரியாதை குறைவது ஒரு வகைக் காருக்கு மட்டும் உரிய நோய் இல்லை.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. காரின் மதிப்பு ஒவ்வோர் ஆயிரம் டாலர் கூடும்போதும், அது நின்று வழிவிடும் சாத்தியம் சுமார் 3 சதவீதம் குறைந்துகொண்டே போனது. இதற்கு முன்பே, 2012-இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பிஃப் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 152 கார்களைப் பாதசாரிக் கோட்டில் கவனித்து, அவற்றை மதிப்பைப் பொறுத்து ஐந்து படிகளாகப் பிரித்திருந்தார்கள். கடைசிப் படியில் இருந்த பழைய, மலிவான கார்கள் எல்லாமே நின்றன. முதல் படியில் இருந்தவற்றில் கிட்டத்தட்ட பாதி நிற்கவில்லை. பார்க்கப்பட்ட கார்கள் குறைவு, ஒரே வட்டாரம் என்பதை மறந்துவிடக் கூடாது. இருந்தாலும் இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை.

இனி உங்கள் கேள்வி. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் யான்-எரிக் லன்க்விஸ்ட் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு, ஃபின்லாந்தில் 1,892 கார் உரிமையாளர்களின் குணஇயல்புகளை ஆராய்ந்தார். பிறரைப் பற்றிய அக்கறை குறைந்த, வாதத்துக்கு நிற்கிற, பிடிவாதமான ஆண்கள் ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற கார்களை வைத்திருப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. ஆக, “இப்படிப்பட்டவர்கள்தான் வாங்குகிறார்களா” என்ற உங்கள் ஊகத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அதே ஆய்வில் வேறொரு கூட்டமும் அந்தக் கார்களைத் தேடிப் போனது தெரிந்தது. ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவர்கள், எதையும் திட்டமிட்டுச் செய்பவர்கள். தரமான பொருள் வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும் என்று நினைக்கிற ஆண்களும் பெண்களும் அதில் இருந்தார்கள். இவர்கள் கோட்டில் நின்று வழிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் இவர்களைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

இத்தோடு பதிலை முடித்திருப்பேன். ஆனால் நான் பத்து நாட்கள் அப்படியொரு காரை ஓட்டியிருக்கிறேன். அந்தப் பத்து நாட்களில் எனக்குள் நடந்ததை எந்தப் புள்ளிவிவரமும் எனக்கு விளக்கவில்லை.

நெருங்கிய நண்பர் ஒருவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. அவர் ஓட்டக் கூடாது என்பதால், அவரை மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அழைத்துப் போகும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள, உயரமான வண்டி. என்னுடைய கார் சிறியது, பழையது.

முதலில் உணர்ந்தது அமைதி. கதவைச் சாத்தியதும் உலகம் வெளியே நின்றுவிட்டது. இரட்டைக் கண்ணாடி, மேடுபள்ளம் தெரியாத சஸ்பென்ஷன். என் காரில் வேகம் 80-ஐத் தாண்டினாலே டாஷ்போர்டு அதிரும், காற்று விசிலடிக்கும், கை தானாக இறுகும். வேகத்தை உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கும். இங்கே வேகமானியைப் பார்த்தால்தான் வேகம் தெரிந்தது. 50 என்று நினைத்துப் பார்த்தால் 75-இல் இருந்தேன். இது என் ஒருவனின் அனுபவம் இல்லை. காருக்குள் கேட்கும் இரைச்சலைக் குறைத்தால் ஓட்டுநர்கள் தம்மை அறியாமலே கூடுதல் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், இருக்கை உயரமாக இருந்தாலும் அப்படியே என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, அபாயத்தின் அறிகுறிகளை ஒவ்வொன்றாக ஓட்டுநரிடமிருந்து அகற்றிவிட்டார்கள். ஆனால் அபாயம் எங்கும் போய்விடவில்லை. அது முழுவதும் வெளியே, உங்கள் அம்மா நிற்கும் இடத்தில் இருக்கிறது.

இரண்டாவதாக உணர்ந்ததைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். சாலை எனக்கு வழிவிட்டது. நான் ஹாரன் அடிக்கவில்லை, விளக்கை மினுக்கவில்லை. கண்ணாடியில் என் வண்டியின் முகப்பைப் பார்த்ததுமே முன்னால் போகிறவர்கள் ஒதுங்கினார்கள். கிளைச்சாலையிலிருந்து வருபவர்கள் தங்கள் முறையாக இருந்தும் காத்திருந்தார்கள். ஒருநாள் பாதசாரிக் கோட்டில் ஒரு முதியவருக்காக நின்றேன். அவர் தயங்கினார், நான் உண்மையாகவே நிற்கிறேனா என்று இரண்டு முறை பார்த்தார், பிறகு நெஞ்சில் கைவைத்துத் தலைதாழ்த்திவிட்டு அவசர அவசரமாகக் கடந்தார். என் பழைய கார் அதே போல நின்றபோது யாரும் எனக்குத் தலைதாழ்த்தியதில்லை. சட்டப்படி அவருக்கு உரிய வழியை, நான் போட்ட பிச்சையைப் போல அவர் வாங்கிக்கொண்டு போனார். அன்று இரவு அது என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தோனி டூப், ஆலன் கிராஸ் என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட ஒரு பழைய சோதனை அப்போது நினைவுக்கு வந்தது. பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு காரை வேண்டுமென்றே நகர்த்தாமல் நிறுத்திவைத்து, பின்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். சில முறை நின்றது பளபளப்பான விலையுயர்ந்த கிரைஸ்லர், சில முறை நைந்துபோன பழைய கார். பழைய காருக்குப் பின்னால் இருந்தவர்களில் 84 சதவீதம் பேர் ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேர் ஹாரனுக்குப் பதிலாக அதன் பின் பம்பரில் முட்டவே செய்தார்கள். விலையுயர்ந்த காருக்குப் பின்னால் இருந்தவர்களில் பாதிப் பேர்தான் ஹாரனைத் தொட்டார்கள். மாணவர்களிடம் இதே நிலைமையைச் சொல்லி “நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்” என்று கேட்டபோது, ஆண்கள் விலையுயர்ந்த காரைப் பார்த்துத்தான் சீக்கிரம் ஹாரன் அடிப்போம் என்றார்கள். சாலையில் நடந்தது அதற்கு நேர்மாறு. நம் வாய் சொல்வது ஒன்று, கை செய்வது வேறு. பணக்காரக் கார்களைத் திட்டிக்கொண்டே நாம் ஒதுங்கி வழிவிடுகிறோம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு சிறுமி அப்பாவின் முதுகைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சரியான தடத்தில், சரியான வேகத்தில்தான் போனார்கள். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. ஆனாலும் “ஏன் இவர் ஒதுங்கவில்லை” என்று எரிச்சல் வந்தது. என் விரல் விளக்கை மினுக்கும் நெம்புகோலின் மேல் இருந்தது. அந்தச் சிறுமியின் பையில் தொங்கிய சாவிக்கொத்து பொம்மையின் நிறம்கூட எனக்குத் தெரிந்தது, அவ்வளவு அருகில் போயிருந்தேன். முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். யாரையும் அப்படி விரட்டியதில்லை. ஐந்து நாட்கள் சாலை எனக்கு வழிவிட்டது. அதற்குள் வழி என்னுடையது என்று என் உடம்பு நம்பத் தொடங்கிவிட்டது. பத்து ஆண்டுகள் அப்படி ஓட்டுபவருக்கு என்ன ஆகும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

ஆகவே, பணம் மாற்றுகிறதா, குணம் தேடிப் போகிறதா என்ற உங்கள் கேள்வியில் மூன்றாவது ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். அந்தக் காரைச் சுற்றி நாம் நடந்துகொள்ளும் முறையும் அதை ஓட்டுபவரைப் பழக்குகிறது. இப்படிச் சொல்வதால் உங்கள் அம்மாவை நோக்கி ஹாரன் அடித்தவரின் குற்றம் துளியும் குறையவில்லை. நெம்புகோலிலிருந்து விரலை எடுக்க என்னால் முடிந்தது என்றால் அவராலும் முடியும்.

எடையும் வேகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கார்களின் விற்பனையாளர்கள் சாவியைக் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால்வைக்க எடுக்கும் ஒரே ஒரு வினாடியில் 28 மீட்டரைக் கடந்துவிடுகிறது. அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்யவே தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த ஒரு வினாடியை எந்த நிறுவனமும் விற்பதில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதைவிட 65-இல் மோதினால் பாதசாரி இறக்கும் அபாயம் நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு வினாடியில் 100-ஐத் தொடும் காருக்கு 50-க்கும் 65-க்கும் இடையே இருப்பது ஒரு நொடிகூட இல்லை. ஆக்சிலரேட்டரில் கால் சற்று அழுந்தினால் போதும்.

வேகக் கட்டுப்பாடே இல்லாத நெடுஞ்சாலைகள் கொண்ட ஜெர்மனியில்கூட, முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு விளக்கை மினுக்கி விரட்டுவது மிரட்டிப் பணியவைக்கும் குற்றமாக நீதிமன்றம் வரை போகலாம். ஃபின்லாந்தில் 1921 முதலே வருமானத்துக்கு ஏற்ற அபராத முறை இருக்கிறது. 2023-இல் அங்கே 50 கிலோமீட்டர் வரம்பில் 82-இல் போன ஒரு பெரும் செல்வந்தருக்கு 1,21,000 யூரோ அபராதம் விழுந்தது. எல்லா நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாருக்கும் ஒரே அபராதம் என்பது கேட்கச் சமத்துவம் போலத் தோன்றும். ஒருவருக்கு அது ஒரு வாரச் சம்பளம், இன்னொருவருக்கு வேகமாகப் போவதற்கான கட்டணம்.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். நீங்கள் விவரித்தது பாதசாரிகளுக்கு மிகவும் ஆபத்தான நிலைமைகளில் ஒன்று. முதல் தடத்தில் நின்ற கார் நல்ல மனதோடுதான் நின்றது. ஆனால் அதுவே உங்களை அடுத்த தடத்திலிருந்து மறைத்துவிட்டது. கோட்டில் நிற்கும் வண்டியைத் தாண்டிப் போகக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருப்பதற்குக் காரணம் இதுதான். இனி நிற்கும் காரின் ஓரம் வரை மட்டும் போங்கள். அங்கே நின்று, நீங்கள் முன்னால் எட்டிப் பார்த்து, அடுத்த தடமும் நின்ற பிறகு அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அவசரப்பட்டு ஓடாதீர்கள். அம்மாவின் வேகம்தான் அந்தக் கோட்டின் வேகம். அவரை வீட்டுக்குள்ளேயே இருக்க விட்டுவிடாதீர்கள். முதலில் ஒற்றைத் தடச் சாலையில், கூட்டம் குறைந்த நேரத்தில் தொடங்குங்கள்.

என் நண்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பத்து நாட்களும் அவர் கண்ணில் கட்டோடு என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். தன் காரில் அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை. ஸ்கூட்டருக்குப் பின்னால் நான் நெருங்கிய அந்த நொடியில், அவருடைய கால் தானாகத் தரையை மிதித்தது, இல்லாத பிரேக்கைத் தேடியது. “நான் ஓட்டும்போதும் இவ்வளவு அருகிலா போவேன்?” என்று கேட்டார். “இதைவிட அருகில்” என்றேன். பிறகு வீடு வரும்வரை அவர் பேசவில்லை.

உங்கள் கடிதத்தை நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன். தடியின் மேல் கார் ஏறிய இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, தடி முறிந்துவிட்டதா என்று கேட்டார். கடிதத்தில் அது இல்லை என்றேன். முடிந்தால் எழுதுங்கள். அவர் இன்று காலையும் தொலைபேசியில் அதையே கேட்டார்.