ஒரே நாளில் கோடியக்கரை, முத்துப்பேட்டை படகு, வேளாங்கண்ணி: முடியுமா?

கேள்வி: பொங்கல் விடுமுறைக்குக் கும்பகோணத்திலிருந்து 70 வயது அம்மா, இரண்டு பிள்ளைகளோடு கிளம்புகிறோம். இந்த மூன்று ஊரையும் ஒரே நாளில் காட்டுவதாக வேன் ஏஜென்ட் சொல்கிறார். படகுக்கு முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

வரைபடத்தில், மானும் பூநாரையும் (ஃபிளமிங்கோ) பார்க்கப் போகிற கோடியக்கரைச் சரணாலயமும் முத்துப்பேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் நடுவில் இருப்பது பெரிய சதுப்பு, அதற்குக் குறுக்கே சாலை கிடையாது, வடக்கே சுற்றித்தான் வர வேண்டும். அதோடு வேளாங்கண்ணியையும் சேர்த்தால் பிள்ளைகள் பார்ப்பது வேன் ஜன்னலைத்தான்.

முத்துப்பேட்டையில் படகு கோரையாற்று வழியே அலையாத்திக் காட்டைத் தாண்டிக் காயலுக்குப் போகும். அந்தக் காயல் ஆழமே இல்லாதது. தண்ணீர் வற்றியிருந்தால், காற்று அடித்தால் பயணம் தடைபடும். அப்படியிருக்க மூன்று வாரத்துக்கு முன்னால் "கன்ஃபார்ம்" என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? இன்றைக்குப் படகு உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் எழுதி வைக்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை, அந்த ஓட்டையில்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள், நாமும் வருஷா வருஷம் அழுதுகொண்டே இருக்கிறோம். வனத்துறை அனுமதியை நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். பணத்தை அங்கே ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் படகில் ஏறாதீர்கள். அம்மாவால் படியிறங்கி ஏற முடியுமா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

வேளாங்கண்ணியை இந்த முறை விடுங்கள். வேதாரண்யத்தில் ஒரு இரவு தங்குங்கள். கோயிலில் அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்ததாகச் சொல்லும் கதவு இருக்கிறது. அம்மாவுக்குப் பூநாரையைவிட அது பிடிக்கலாம். ராஜாஜியின் 1930 உப்புச் சத்தியாகிரகமும் அந்த ஊரில்தான். அங்கிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வெளிமான் பார்க்க அதிகாலையோ சாயங்காலமோ போங்கள்; உச்சி வெயிலில் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். பூநாரைகள் தூரத்தில் நிற்கும், பைனாகுலர் கட்டாயம். திரும்பும் வழியில் முத்துப்பேட்டை.

ஒரே ஒரு விதிவிலக்கு, தை அமாவாசை. நாள்காட்டியைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள், ஏனென்றால் அது சில வருஷம் பொங்கலை ஒட்டியே வந்துவிடும். அன்று கோடியக்கரைக்குக் கடல் நீராட, தர்ப்பணம் கொடுக்க ஊர் ஊராக ஜனம் வரும். மான் பார்க்கும் எண்ணம் இருந்தால் அன்று வேண்டவே வேண்டாம். அம்மா நீராட ஆசைப்பட்டால் மட்டும் போங்கள், அப்படிப் போனால் முதல் நாளே வேதாரண்யம் வந்துவிடுங்கள், விடியுமுன் கிளம்புங்கள், வண்டியைத் தூரத்தில் நிறுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தே கிளம்புங்கள், பிள்ளைகளை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கட்டும், காட்டைப் பற்றிய பேச்சை அன்று மறந்துவிடுங்கள். ஆடி அமாவாசைக்கும் இதே கதைதான்.

ரயிலில் போகலாமா என்றால், வேதாரண்யம் வழியே போகும் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப்பாதை 2023-இல் திறந்தாயிற்று, வண்டிகள்தான் குறைவு. அதனால் வேனே சரி. வாடகையை மட்டும் பேசுங்கள், படகைப் பற்றி ஏஜென்ட் வாயைத் திறந்தால் வேறு வேன் பாருங்கள்.